வாசலில் தொங்கிய வில்

அரசர்கள் வில்லை நம்பி உயிர் வாழ்ந்த காலத்தில், குன்றூர் என்ற மலைநாட்டில் கொற்றன் என்றொருவன் வில் செய்து பிழைத்தான். கைத்திறன் உள்ளவன்தான். ஆனால் தொட்டதற்கெல்லாம் மூக்குக்கு மேல் கோபம் வரும். சிரிக்காதீர்கள், கேட்கிறவர்களே. உங்களிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறீர்கள்.

சடச்சி மரத்தைப் பிளந்து, புகையில் உலர்த்தி, நாள்கணக்கில் செதுக்குவான் கொற்றன். வில் வழவழவென்று இருக்க வேண்டும் அவனுக்கு. கிளை முளைத்த இடத்தில் கணு புடைத்து நின்றால் பொறுக்காது. கத்தியை அழுத்தி மட்டமாகச் சீவிவிடுவான்.

முதல் வில் ஒரு வேடன் கையில் முறிந்தது. "மரம் சரியில்லை" என்று மரம் வெட்டியவனை ஏசினான் கொற்றன். துண்டுகளை அடுப்பில் போட்டான்.

இரண்டாவது வில் ஒரு காவலன் கையில் முறிந்தது. "நாண் சரியில்லை" என்று நாண் திரித்தவளை ஏசினான். துண்டுகளை அடுப்பில் போட்டான்.

மூன்றாவது வில்லை வளைத்தவன் பூதன். கொற்றனின் மனைவி வெண்ணியின் தம்பி. வில் முறிந்து, தெறித்த மரச் சிம்பு அவன் வலக்கண்ணில் பாய்ந்தது. கண் போயிற்று. ரத்தம் வழிய நின்றவனைப் பார்த்து அந்தப் பாவி என்ன சொன்னான் தெரியுமா? "வில்லை இழுக்கத் தெரியாதவன்!" என்றான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

அரசனுக்கும் எரிந்தது. கொற்றனைக் கூப்பிட்டான். "வருகிற பௌர்ணமிக்குள் இன்னொரு வில் செய். சபை நடுவே நீயே அதைக் கன்னம் வரை இழு. முறிந்தால் உன் கண் போகட்டும்" என்றான்.

கொற்றன் கொதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். முறிந்த வில்லைத் தூக்கி அடுப்பை நோக்கி நடந்தான். வெண்ணி பாய்ந்து பிடுங்கினாள்.

"தொடாதய்யா! என் தம்பி கண்ணைக் குடிச்ச கட்டை இது. இதை எரிச்சுட்டு நீ மறந்துடுவே. நான் மறக்க விடமாட்டேன்!"

துண்டுகளைக் கயிற்றில் கட்டி வாசல் நிலையில் தாழத் தொங்கவிட்டாள். போகும்போது அவன் நெற்றியில் இடித்தது. வரும்போதும் இடித்தது. மூன்று நாள் திட்டிக்கொண்டே பொறுத்தான். நான்காம் நாள், "இன்றோடு ஒழிந்தது" என்று வெடுக்கென்று பிடித்து இழுத்தான். முறிந்த முனை உள்ளங்கையில் குத்தியது. கையைப் பார்க்கக் குனிந்தவன் கட்டையைப் பார்த்தான். முறிந்த வில்லை அவன் கூர்ந்து பார்த்தது அதுதான் முதல் தடவை.

முறிவு கணுவின் வழியே ஓடியிருந்தது. கணுவைச் சுற்றி வளைந்து அதைத் தாங்க வேண்டிய மர நார்களையெல்லாம் அவன் கத்தியே அறுத்திருந்தது. முதல் வில்லிலும் கணு சீவினோமே, இரண்டாவதிலும் சீவினோமே என்று நினைவு வந்தது. அவையும் அங்கேதான் முறிந்தனவா? யாரைக் கேட்பது, அடுப்புச் சாம்பலையா?

கணுவுள்ள இரண்டு சிறு வில்கள் செய்தான். ஒன்றில் கணுவைச் சீவினான், மற்றதில் அப்படியே விட்டான். இரண்டையும் வளைத்தான். சீவியது கணுவிலேயே முறிந்தது, சீவாதது நின்றது. மரத்தின் மேல் இருந்த கோபம், நாண் மேல் இருந்த கோபம், மச்சினன் மேல் இருந்த கோபம், எல்லாம் திரும்பி அவன் மேலேயே விழுந்தன. தலையில் அடித்துக்கொண்டான்.

பௌர்ணமி வந்தது. கொற்றன் புது வில்லோடு சபைக்குப் போனான். கணுக்கள் புடைத்துப் புடைத்து நின்றன. "இது வில்லா, பாகற்காயா?" என்று சபை சிரித்தது. அவன் நாணைக் கன்னம் வரை இழுத்தான். வில் வளைந்தது, முறியவில்லை. மூன்று முறை இழுத்தான். மூன்று முறையும் தாங்கியது.

அரசன் மெச்சினான். சபை கைகொட்டியது. அப்போது பூதன் எழுந்து வந்து, அந்தப் புடைப்பைத் தடவிப் பார்த்தான்.

"ஏன் மச்சான், மொத வில்லு முறிஞ்ச அன்னிக்கே இதைப் பார்த்திருக்கலாமே? எனக்கு ரெண்டு கண்ணும் இருந்திருக்குமே?"

கொற்றன் புது வில்லைப் பூதன் கையில் கொடுத்துவிட்டுத் தலைகுனிந்து நின்றான். அதற்குப் பிறகு முறிந்த எந்த வில்லையும் அவன் எரிக்கவில்லை. ஒவ்வொன்றையும் வாசலில் தன் நெற்றி இடிக்கும் உயரத்தில் தொங்கவிட்டான்.

முறிந்ததை ஆத்திரத்தில் எரிக்கிறவன் அது சொல்ல வந்த பாடத்தையும் சேர்த்தே எரிக்கிறான்; அதற்கான தண்டனையை வேறொருவன் அனுபவிக்கிறான்.