ஆலந்தோப்பின் தண்ணீர்

தணிகாசலம் வேலங்குறிச்சி நகராட்சியில் முதலில் வார்டு உறுப்பினர், பிறகு தலைவர்.

அவர் தலைவரானபோது பேருந்து நிலையத்துக்குப் பின்னால் குப்பை மலையாகக் கிடந்தது. மழை பெய்தால் பக்கத்துத் தெருக்காரர்களுக்குச் சோறு இறங்காது. தணிகாசலம் முழு மூச்சாக நின்று அதை அகற்றினார். லாரிகள் நகராட்சி எல்லையைத் தாண்டிப் போய், ஆலந்தோப்பு ஏரிக்கரையில் கொட்டிவிட்டு வந்தன. குப்பை கிடந்த இடத்தில் பூங்கா வந்தது. அந்தப் பூங்காதான் அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது என்று ஊரில் சொல்வார்கள். இரண்டாம் முறை வென்றதும் அமைச்சரானார்.

ஒருநாள் தலைமைச் செயலகத்துக்கு ஆலந்தோப்பிலிருந்து சிலர் வந்தார்கள். பூங்காவனம் என்ற பெண் அவர் மேசையில் ஒரு பாட்டிலை வைத்தாள். உள்ளே தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது.

"எங்க கிணத்துத் தண்ணி. ஒரு வாய் குடிச்சுப் பாருங்க சார்."

அவர் குடிக்கவில்லை. அவளும் வற்புறுத்தவில்லை. பாட்டிலை அங்கேயே விட்டுவிட்டுப் போனாள்.

அதிகாரிகள் வழி சொன்னார்கள். பக்கத்து மாவட்டத்தில் கரட்டூர் என்று ஒரு இடம், பாதி தரிசு. ஏரிக்கரைக் குப்பை அத்தனையையும் அங்கே மாற்றிவிடலாம். சண்டை போட அங்கே ஆளில்லை. அமைச்சர் உத்தரவிட்டால் போதும்.

தணிகாசலத்துக்கு மனம் ஒப்பவில்லை. ஏன் ஒப்பவில்லை என்றும் தெரியவில்லை. நேராகச் சிவகாமி அம்மையின் மடத்துக்குப் போனார். அம்மை அவரைவிட வயதில் இளையவர். ஆனாலும் வார்டு உறுப்பினராக இருந்த காலத்திலிருந்தே அவருக்கு அம்மைதான் குரு.

அன்று அமாவாசை அன்னதானம் முடிந்திருந்தது. கூடமெங்கும் சோற்றுப் பருக்கையும் இலைக்கிழிசலும். தணிகாசலம் எல்லாவற்றையும் சொன்னார்.

"நான் யாரையும் ஏமாத்தலம்மா. அன்னிக்கு என் ஊருக்கு நல்லதுதான் செஞ்சேன்."

"செஞ்சீங்க. அப்ப நீங்க நகராட்சித் தலைவர்."

"இப்ப கரட்டூருக்கு மாத்தச் சொல்றாங்க. உத்தரவு போடலாமா?"

அம்மை மூலையில் இருந்த துடைப்பத்தை எடுத்து நீட்டினார்.

"கூடத்தைக் கூட்டுங்க."

அமைச்சரோடு வந்திருந்த உதவியாளர் ஓடிவந்து துடைப்பத்தை வாங்கப் பார்த்தார்.

"நீங்க இருங்க தம்பி. அவர் கூட்டட்டும்."

தணிகாசலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூட்டினார். இடுப்பு வலித்தது. குப்பையை வாசற்படி தாண்டித் தாழ்வாரத்தில் தள்ளினார்.

"கூடம் சுத்தமாயிடுச்சு," என்றார் அம்மை. "தாழ்வாரமும் உங்க பொறுப்புதான்."

அவர் அதையும் கூட்டி முற்றத்தில் தள்ளினார்.

"முற்றம்?"

அவருக்குக் கோபம் வந்தது. ஆனாலும் முற்றத்தையும் கூட்டினார். குப்பை வெளிவாசல் வழியாகத் தெருவுக்குப் போனது. எதிர்ப்பக்கம் பூ கட்டிக்கொண்டிருந்த பெண், தூசி படாமல் கூடையை மடியோடு இழுத்துக்கொண்டாள். அமைச்சர் என்று தெரிந்ததும் எழுந்து நின்றாள்.

தணிகாசலத்துக்கு முகம் சுருங்கியது.

அம்மை வெளிவாசலுக்கு வந்தார்.

"தெருவும் உங்க பொறுப்புதான்."

தணிகாசலம் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். வரிசையாக வீடுகள். எல்லா வீட்டிலும் கதவு திறந்திருந்தது. ஒரு வாசலில் அரிசி காய்ந்தது. இன்னொரு வாசலில் குழந்தை ஒன்று உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

துடைப்பத்தைத் தாழ்த்தினார்.

"இனிமே எங்கம்மா தள்றது?"

"தள்ளினது போதும்," என்றார் அம்மை. "குனிஞ்சு அள்ளுங்க."