கத்தாத வௌவால்

ஏய் தேனு, காலை உதைக்காத. சொல்றேன், நீ "ம்" கொட்டிக்கிட்டே வரணும்.

ஒரு ஊர்ல ஒரு இலுப்பை மரம். மேல கருப்பாயின்னு ஒரு வௌவால். கீழ புல்லுக்குள்ள செவத்தான்னு ஒரு முயல். கறிக்குப் புடிச்சுப் புடிச்சு அந்தப் பக்கம் ரெண்டு இனமும் கொறைஞ்சு போச்சு. அதனால பெத்த குட்டி ஒவ்வொண்ணும் தங்கம்!

வௌவால் தன் குட்டிய வயித்தோட ஒட்டிக்கிட்டே பறக்கும். முயலோ, ரெண்டு குட்டியையும் புல்லுல விட்டுட்டுப் போயிடும். பொழுது சாஞ்சாத்தான் வந்து பால் குடுக்கும்.

"நீயெல்லாம் ஒரு தாயா?"ன்னு கருப்பாயி கேக்கும்.

"நான் கூடவே கெடந்தா என் வாடைக்கு நாய் வந்துடும்டி"ன்னு முயல் சொல்லும்.

கருப்பாயி நம்பாது. ஹும்னு சிலுப்பிக்கும். ம் கொட்டு!

அப்புறம் ஒருநாள் பொழுது சாயுற நேரம், ஊருக்குள்ள யாரோ வெடி போட்டாங்க. டமார்! வௌவாலெல்லாம் படபடபடன்னு கெளம்புச்சு. அந்தப் பதட்டத்துல கருப்பாயி குட்டி நழுவி, பொத்துனு முயல் குட்டிங்க பக்கத்துல விழுந்துடுச்சு!

"ஐயோ என் ராசா!" கீ... கீ...ன்னு கருப்பாயி கத்துது.

அப்போ பால் குடுக்க வந்த செவத்தா, புதர்லருந்து "கத்தாதடி! நீ கத்துனா எல்லாத்துக்கும் இடம் தெரிஞ்சுடும். டேய் குட்டி, என் புள்ளைங்க மாதிரி அசையாம கெட!"ன்னுச்சு.

கருப்பாயி எறங்குறதுக்குள்ள காக்கா வந்துச்சு. கா, கா! குட்டி அசையல. காக்கா போச்சு. அப்புறம் கீரி, சரசரசரன்னு. கருப்பாயிக்கு நெஞ்சே வெடிக்குது, ஆனா வாயத் தொறக்கல. கீரியும் போச்சு.

அப்புறம் வந்துச்சு பாரு, வேட்டை நாய்! உஸ் உஸ்னு மோப்பம் புடிச்சு, குட்டி மூக்குகிட்டயே வந்துடுச்சு!

அப்போ விருட்டுனு பாய்ஞ்சுச்சு செவத்தா, நாய் மூஞ்சிக்கு முன்னாடியே! "புடிடா பாக்கலாம்!" நாய் லொள் லொள்னு பின்னாலயே ஓடுது. கருப்பாயி சர்ருனு எறங்குச்சு, குட்டி லபக்குனு வயித்தக் கவ்விக்கிச்சு.

மேல ஏறிப் பாத்தா, முயலைக் காணோம். தூரத்துல நாய் கொரைக்கிற சத்தம் மட்டும். ம்? செத்துப் போச்சான்னா கேக்குற? அவசரப்படாதடி. வந்துச்சு, மூச்சு எரைக்க எரைக்க! நேரா வரல. சுத்திச் சுத்தி வந்து, கடைசியா ஒரே தாவு. வாடை வழி அறுந்து போகணும்ல!

பால் குடுத்துட்டு செவத்தா மறுபடி கெளம்புச்சு.

"போயிட்டு வா அக்கா. மேலருந்து உன் புள்ளைங்கள நான் பாத்துக்கறேன்"னுச்சு கருப்பாயி.

"கத்த மாட்டியே?"

"மூச்சு விட மாட்டேன்."

அவ்வளவுதான், கதையும் புல்லுக்குள்ள படுத்துக்கிச்சு. நீயும் அசையாம படு. தேனு? ஏய் தேனு, "ம்" எங்க?

சரி சரி, நானும் கத்தல.