அடைக்காத பிரைமர்

“வாய் சின்னதுன்னா கவளமும்… எங்க பெரியப்பா என்னமோ சொல்வாருங்க. பாதிதான் ஞாபகம் இருக்குது” என்றார் செங்கோடன்.

அவர் கையில் ஏர்பிரஷ் இருந்தது. பெயின்ட்டைக் காற்றால் தெளிக்கும், பேனா அளவே உள்ள கருவி. காற்று வந்தது. நிறத்துக்கு அடியில் பூசும் பிரைமர் வரவில்லை.

மேகலா நிமிரவில்லை. “மீதிப் பாதி வர்ற வரைக்கும் நின்னுட்டே இருக்கப் போறீங்களா? உக்காருங்ணா.”

உட்கார்ந்தார்.

செங்கோடன் கரூரில் பஸ் பாடிகளுக்கு பெயின்ட் அடித்தே தலை நரைத்தவர். மேகலா கோயம்புத்தூரில் கட்டிடம், கப்பல், ரயில் எல்லாவற்றுக்கும் சிறு மாதிரிகள் செய்பவள். அவருடைய மகளைவிட இளையவள். அவர் அவளை வாத்தியாரம்மா என்று கூப்பிட்டார். முதலில் வேண்டாம் என்றாள். பிறகு விட்டுவிட்டாள்.

மேஜைமேல் ஒரு முழ நீளத்தில் பஸ் நின்றது. அவரே செய்தது. சுவர்கள் பிளாஸ்டிக் தகடு. ஜன்னல் கம்பிகள் பித்தளை. மூலைகளில் இடுக்கை அடைத்த பட்டி. பக்கவாட்டில், பிளாஸ்டிக் கம்பியைச் சீவிச் சீவி ஒட்டிய ரிவெட் ஆணித் தலைகளின் வரிசைகள்.

அது வையாபுரி ஓட்டிய பஸ். வையாபுரி அவருக்கு அக்கா வீட்டுக்காரர். சர்க்கரையில் கண் போய்விட்டது. கண்ணோடு பேச்சும் குறைந்துவிட்டது. யாரிடமும் எதையும் கேட்காத மனிதர் ஒருநாள் கேட்டார்: “மாப்ளே, என்னை ஒருக்கா வண்டிகிட்ட கூட்டிட்டுப் போ. தடவிப் பாத்துக்கறேன்.”

செங்கோடன் தேடிப் போனார். வண்டியைப் பழைய இரும்புக்கு வெட்டிவிட்டிருந்தார்கள். வந்து சொன்னார்.

“அப்ப நீ ஒண்ணு செஞ்சு குடு” என்றார் வையாபுரி.

“இந்த ஊசி முனையை எந்த பிரைமர் அடைக்காது? அதை மட்டும் சொல்லுங்க வாத்தியாரம்மா. கம்பெனி மாத்தி மாத்திப் பாத்துட்டேன்.”

“இப்ப பஸ்மேல இருக்கறது?”

“தண்ணியில கரையறது. மூணு கோட் ஏத்துனேன். அப்பப்ப அடைச்சுது. நாலாவதுக்கு ஒரேயடியா நின்னுபோச்சு.”

“தின்னர்ல கரையறது?”

“டப்பாவுல கொஞ்சம் இருந்துச்சு. அதையும் இதுலயே ஊத்துனேன்.”

“ரெண்டையும் கலந்தீங்களா?”

செங்கோடன் தரையைப் பார்த்தார். “பாலாட்டம் திரிஞ்சு போச்சுங்க.”

“சக்கரை போட்டா திரட்டுப்பால்.”

அவர் சிரிக்கவில்லை. மேகலா அவருடைய பழைய கலவைக் கிண்ணத்தில் குச்சியை விட்டுத் தூக்கினாள். சொட்டு விழாமல் குச்சியிலேயே தொங்கியது.

“இது பிரைமரா, பட்டியா?”

“பஸ்ஸுக்கு இந்தப் பதம்தாங்க. அடிச்சா மூடிரும்.”

“எதை மூடணும்?”

“ஜாயின்ட்டை. கீறலை. அடிச்சு முடிச்சா பக்கவாட்டுல கண்ணாடியாட்டம் முகம் தெரியணும். எங்க பட்டறையில அதுதான் கணக்கு.”

“யார் முகம்?”

“பாக்கறவங்க முகம்.”

“யார் பாக்கப் போறாங்க?”

 தலைக்குமேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. மேகலா எழுந்து போய் அதை நிறுத்தினாள்.

“ஃபேனுக்கு அடியில அடிச்சா ஊசி முனையிலயே காஞ்சிடும். அது ஒண்ணு.”

இரண்டாவதற்காக அவர் காத்திருந்தார்.

“கண்ணை மூடுங்ணா.”

மூடினார். பஸ்ஸை அவர் மடியில் வைத்தாள்.

“கதவு எங்க?”

விரல் கண்டுபிடித்தது.

“ஜன்னல்?”

அதையும் கண்டுபிடித்தது.

“டிரைவர் கதவுக்குக் கீழ ரிவெட் வரிசை?”

விரல் முன்னால் போனது. பின்னால் வந்தது. மறுபடி போனது. குளித்துத் தேய்ந்த சோப்பைத் தடவுவதுபோல் இருந்தது.

“இல்லைங்க.”

“வெச்சீங்களா?”

“வெச்சேன். ஒரு மாசமா உக்காந்து வெச்சேன்.”

கண்ணைத் திறக்காமலே சொன்னார்: “தினமும் காலையில வண்டி ஏறறதுக்கு முன்னால மச்சான் அந்த இடத்தைத்தான் தொட்டுக் கண்ணுல ஒத்திக்குவாரு.”

மேகலா பஸ்ஸை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

அவர் கண்ணைத் திறந்து கேட்டார்: “உரிக்கறதுக்கு என்ன போடணும்?”

“ஸ்பிரிட். ஊற வெச்சு மெதுவா பிரஷ்ஷால தேய்ங்க. தின்னர் பக்கம் போயிடாதீங்க. பஸ்ஸே கரைஞ்சிடும்.”

வீட்டுக்கு எடுத்துப்போய் உரித்தார். சில ரிவெட்டுகள் பிரைமரோடு சேர்ந்தே வந்தன. மறுபடி சீவினார். மறுபடி ஒட்டினார்.

அடுத்த ஞாயிறு அவளிடம் வந்தபோது கேள்வி மாறியிருந்தது.

“தொடறதுக்கு எந்த பிரைமர்?”

மேகலா இப்போது நிமிர்ந்து பார்த்தாள். “தின்னர்ல கரையறது. ஊறுனாத்தான் பஸ் கரையும், மெல்லிசா தெளிச்சா ஒண்ணும் ஆகாது. பித்தளையை நல்லாப் பிடிக்கும். தடவத் தடவ உரியாது. மூக்குக்கு மாஸ்க் போடுங்க, ஜன்னலைத் திறங்க.”

அவர் கலந்தார். “இன்னும்” என்றாள். தின்னர் ஊற்றினார். “இன்னும்.” ஊற்றினார். கிண்ணத்தைச் சாய்த்துக் காட்டச் சொன்னாள். பிரைமர் பாலைப்போல் கிண்ணச் சுவரில் மெல்லிய படலம் விட்டு இறங்கியது. பழைய நைலான் சாக்ஸ் துண்டில் வடிகட்டினாள். துணியில் மணல்போல் கட்டிகள் நின்றன. சீக்கிரம் காயாமல் இருக்க ரிடார்டர் ஒரு சொட்டு விட்டாள்.

“இது தண்ணிங்க. எங்க பட்டறையில ஒருத்தன் இப்படிக் கலந்தா விரட்டியடிப்பேன்.”

“என்ன சொல்லி?”

“‘தீர்த்தம் தெளிக்கறியாடா’ன்னு.”

“தெளிங்க.”

தெளித்தார். ஒரு வீச்சு. நிறுத்தி, தின்னர் தொட்ட பஞ்சால் ஊசி முனையைத் துடைத்தார். இன்னொரு வீச்சு. துடைத்தார். அடியில் இருந்த வெள்ளை பிளாஸ்டிக் அப்படியே தெரிந்தது.

“ஒண்ணுமே மூடலைங்க.”

“ம்.”

காயவிட்டு மறுபடி. காயவிட்டு மறுபடி. பிளாஸ்டிக்கும் பித்தளையும் பட்டியும் ஒரே சாம்பல் தோலுக்குள் போயின. ரிவெட்டுகள் வெளியே நின்றன.

“கூரையில ஜாயின்ட் தெரியுதுங்க.” அவர் கை துறுதுறுத்தது. “இன்னொரு கோட்…”

“கையில தெரியுதா?”

இந்தமுறை சொல்லாமலே கண்ணை மூடிக்கொண்டார். கூரையைத் தடவினார்.

“இல்லை.”

“அடைச்சுதாங்ணா?”

அவர் ஏர்பிரஷ்ஷைப் பார்த்தார். அதை மறந்தே போயிருந்தார்.

பிறகு பையைத் திறந்து டப்பாக்களை வரிசையாக வைத்தார். கிரீம். மெரூன். நீலம், பச்சை, தங்கம்.

“நீலம் எதுக்கு?”

“பின்பக்கம் மயிலுங்க. கரூர்ல என் மயிலைப் பாத்தே ‘செங்கோடன் அடிச்ச வண்டி’ம்பாங்க.” குரலில் பெருமை இருந்தது. “கிரீம் ரெண்டு கோட், மெரூன் ரெண்டு. மயிலு. மேல வார்னிஷ்.”

மேகலா கோட்டுகளை எண்ணிப் பார்ப்பவள்போல் விரல்களை மடக்கினாள். டீ போட உள்ளே போனாள்.

செல்போன் அடித்தது. வையாபுரி.

“என்ன மாப்ளே, வண்டி கெளம்பிருச்சா? வழியில பஞ்சரா?”

“பெயின்ட் பாக்கி மச்சான்.”

“கலரு?”

“நம்ம பழைய கலர்தான். கிரீமும் மெரூனும். பின்னாடி மயிலு.”

“மயிலா?”

வையாபுரியே தொடர்ந்தார்:

“வந்து சொல்லு மாப்ளே. கேட்டுக்கறேன்.”

மேகலா டீயோடு வந்தபோது செங்கோடன் திறக்காத பெயின்ட் டப்பாக்களை அவளுடைய அலமாரியில் அடுக்கிவிட்டு, சாம்பல் நிறப் பஸ்ஸைத் துண்டில் சுற்றிக்கொண்டிருந்தார்.