நெஞ்சில் நீர் பிடித்த செடி

அந்தக் காலத்தில் கடல் இன்னும் நடுவே புகுந்து மலைகளைப் பிரித்திருக்கவில்லை. தவளை பேசினால் மனிதருக்குப் புரியும். செடி பேசினால் தவளைக்குப் புரியும். அன்னாசிக்கு உறவான செடிகள், இன்று நாம் புரோமிலியாட் என்று சொல்கிறோமே, அவை அப்போதும் மரக்கிளைகளைத் தொற்றிக்கொண்டுதான் வாழ்ந்தன. ஆனால் அவற்றின் இலைகள் அடியில் ஒன்றுசேராமல் அகல விரிந்து கிடந்தன. மழை பெய்தால் ஒரு சொட்டும் தங்காது. மூடுபனியைக் குடித்தே அவை உயிர் வளர்த்தன. மூடுபனி இருக்கும்வரை அவற்றுக்குச் சாவு கிடையாது. பூக்கும், விதை விடும், மறுபடி பூக்கும்.

அந்த மலைகளில் ஒன்றின் தெற்குச் சரிவில் வெள்ளச்சி என்றொரு பெண் இருந்தாள். எந்தப் பள்ளத்தில் புதுவகைச் செடி கண்டதாக யார் சொன்னாலும், அடுப்பில் கொதிக்கும் தினைக்கஞ்சியை இறக்கி வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவாள். வரிக்குதிரை போல் கோடு விழுந்தவை, மை தெளித்தது போல் புள்ளி கொண்டவை, சாம்பல் பூசியவை என்று கொண்டுவந்து, குடிசையைச் சுற்றி நின்ற மரங்களில் நாரால் கட்டி வளர்த்தாள்.

தேன்சிட்டு ஒரு பூவின் தூளை இன்னொன்றுக்குச் சுமந்து போவதை ஒருநாள் கவனித்தாள். கீழே கிடந்த இறகொன்றை எடுத்துத் தானும் அப்படியே செய்து பார்த்தாள். விதை முளைத்தது. முளைத்தவை எல்லாம் சாதாரணப் பச்சை, ஒன்றைத் தவிர. அதன் இலை அடியில் நாவல்பழ நிறம்; மேலே வெள்ளிப் பட்டைகள். காற்றில் அசைந்தால் மழைக்கு முன் வானம் மின்னுவது போலிருக்கும். மின்னி என்று அதற்குப் பெயர் வைத்தாள்.

அதைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். எதிர்மலைக்காரி செம்பி வெகுநேரம் நின்றுவிட்டுக் கேட்டாள்: "எனக்கும் இதில் ஒன்று தருவாயா?"

"இது பூக்கவும் மாட்டேன், விதை கட்டவும் மாட்டேன் என்கிறது, அக்கா. உலகத்திலேயே இது ஒன்றுதான். எப்படிக் கொடுப்பேன்?"

செம்பி தன் மலைக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

பிறகு வந்தது அந்தக் கோடை. மழை பொய்த்தது, ஓடை வற்றியது, கடைசியில் மூடுபனியும் நின்றுபோயிற்று. வெள்ளச்சி ஊர் ஊராய்த் தேடிச் சேர்த்த செடிகள் சுருண்டன. மின்னியின் வெள்ளிப் பட்டைகள் மங்கின.

ஒரு காலையில் செம்பி சுரைக்குடுக்கையோடு ஏறி வந்தாள். உதடு வெடித்திருந்தது.

"எங்கள் பாறையில் கொஞ்சம் கசிகிறது. இது உனக்கு. நீ குடிக்கமாட்டாய், அதற்குத்தான் ஊற்றுவாய். எனக்குத் தெரியும். அது செத்துப்போயிற்று என்று என் காதில் விழக் கூடாது."

வெள்ளச்சி குடுக்கையை வாங்கிக்கொண்டு மரத்தடிக்குப் போனாள். அங்கே வேரோரமாக ஒரு தவளை உட்கார்ந்திருந்தது. அதன் முதுகில் தலைப்பிரட்டைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஈரம் காயக் காய அவற்றின் வால்கள் துவண்டன.

"அந்தத் தண்ணீரில் என் பிள்ளைகளுக்கு இடம் கொடு," என்றது தவளை.

"குடுக்கையில் விட்டால் செடி போய்விடும். செடிக்கு ஊற்றினால் வழிந்து உன் பிள்ளைகள் போய்விடும். நான் என்ன செய்ய?"

அப்போது மின்னி பேசியது.

"அம்மா, என் இலைகளை அடியில் சேர்த்துக் கட்டு. நடுவில் ஊற்று. நான் பிடித்துக்கொள்கிறேன்."

"இலையை இறுக்கினால் உனக்கு வலிக்கும்."

"வலிக்கட்டும். கட்டு."

வெள்ளச்சி நாரை எடுத்தாள். இலைமேல் இலையாக ஒடுக்கிக் கட்டினாள். குடுக்கையை மெல்லச் சாய்த்தாள். நீர் நடுவில் இறங்கி நின்றது. வழியவில்லை. தவளை ஏறிப் போய்ப் பிள்ளைகளை அதில் விட்டது.

தாகத்தில் தவித்த செடி அந்த நீரைக் குடிக்கவில்லை. இலைகளை இறுக்கிப் பிடித்து அப்படியே நின்றது. செம்பி தினமும் ஒரு வாய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். பிள்ளைகள் நீந்தின, அவை கழித்ததே செடிக்கு உரமாயிற்று. மற்றச் செடிகளும் அதைப் பார்த்துத் தங்கள் இலைகளைத் தாமாகவே குவிக்கத் தொடங்கின. நாரில்லாமல், கையில்லாமல், மரம் மரமாக அவை குவிவதை இரண்டு பெண்களும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள்.

மழை வந்த அன்று மலையெங்கும் குடம் குடமாக நீர் தளும்பியது. கால் முளைத்த குட்டித் தவளைகள் மின்னியின் விளிம்பில் ஏறி உட்கார்ந்தன. வெள்ளச்சி நாரை அவிழ்த்தாள். இலைகள் பிரியவில்லை. நீருக்கடியில் மின்னியின் நெஞ்சு சிவந்திருந்தது. சில நாளில் அந்தச் சிவப்பிலிருந்து, நீரைத் துளைத்துக்கொண்டு, யாரும் கண்டிராத நீலத்தில் பூக்கள் எழுந்தன.

அதன்பின் வெளியிலைகள் பழுத்தன.

"ஏன் இப்படி ஆகிறாய்? இப்போது தண்ணீருக்குப் பஞ்சமில்லையே," என்றாள் வெள்ளச்சி.

"அந்தக் கோடையில் என் ஆயுளையெல்லாம் செலவழித்துவிட்டேன், அம்மா. மிச்சமிருந்தது பூவாகிவிட்டது. இனி நடுவிலிருந்து புது இலை வராது. என் அடியில் பார்."

வாழைக்குப் பக்கக்கன்று வருவது போல், மின்னியின் அடியில் கன்றுகள் முளைத்திருந்தன. ஒவ்வொன்றிலும் அதே நாவல் நிறம், அதே வெள்ளி. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சொட்டு நீர்.

வெள்ளச்சி அழுதாள். தாய்ச்செடி முழுதும் காயும்வரை கூடவே உட்கார்ந்திருந்தாள். பிறகு கன்றுகளில் பெரியதைப் பிரித்தெடுத்து, நெஞ்சிலிருந்த நீர் சிந்தாமல் இரு கையாலும் ஏந்தி, எதிர்மலை ஏறினாள். செம்பி அதை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தாள். அந்தச் சின்னஞ்சிறு நீரில் வானம் முழுவதும் கிடந்தது.

அந்தக் கோடைக்குப் பிறகுதான் இந்தச் செடிகள் நெஞ்சில் நீரைத் தாங்கித் தவளைக்கு வீடாகின்றன. ஒருமுறை மட்டுமே பூத்து, அடியில் கன்று விட்டு மடிகின்றன. அவற்றை வளர்ப்பவர்கள், எவ்வளவு அரிய வகையானாலும், முதல் கன்றைத் தமக்கென்று வைத்துக்கொள்ள மனம் வராமல் இன்னொருவர் கையில் கொடுக்கிறார்கள்.