சட்டைப் பைக்குள் ஒரு சர்வர்

பாளையங்கோட்டையில் ஒரு கணினிப் பயிற்சி நிலையம். அங்கே குருவாக இருந்த மைமூனுக்கு முப்பது வயதுதான் இருக்கும். சீடர் இசக்கியப்பன் ஐம்பதை எட்டிக்கொண்டிருந்தார். குரு சீடரை "அண்ணாச்சி" என்பாள். சீடர் குருவை "டீச்சர்" என்பார். இதில் இரண்டு பேருக்கும் எந்தச் சங்கடமும் இருந்ததில்லை.

இசக்கியப்பன் முன்னால் கேபிள் டிவி லைன் பார்த்தவர். ஊரே போனில் படம் பார்க்க ஆரம்பித்ததும் அவர் பிழைப்பு படுத்துவிட்டது. அதிலிருந்து மனைவியின் சம்பளத்தில் சாப்பிட்டுக்கொண்டு, வீட்டில் வாயைத் திறக்கவே கூச்சப்பட்டுக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான் ஊரிலுள்ள ஓர் ஆஸ்பத்திரி, எல்லாக் கணினிகளுக்கும் விவரம் கொடுக்கும் தன் சர்வரைப் பார்த்துக்கொள்ள மைமூனிடம் படிப்பவர்களில் ஒருவரை எடுத்துக்கொள்வதாகச் சொன்னது. ஒரே ஒருவரைத்தான். திங்கட்கிழமை அவரவர் கட்டிய சர்வரைக் கொண்டுபோய் ஓட்டிக் காட்ட வேண்டும்.

சர்வர் என்றால் தனியாகப் பெட்டி ஒன்றும் கிடையாது. வெர்ச்சுவல் மெஷின்தான். கணினிக்குள்ளே ஓடும் இன்னொரு கணினி. உள்ளே போய்ப் பார்த்தால் அதற்கென்று டிஸ்க், மெமரி எல்லாம் இருக்கும். வெளியே வந்து பார்த்தால் அத்தனையும் ஒரு பெரிய ஃபைல்.

அந்த ஃபைலை எங்கே வைப்பது என்பதுதான் தொல்லை. பயிற்சி நிலையத்துக் கணினிகளை அணைத்துப் போட்டால், அன்றைக்கு ஏற்றியதையெல்லாம் துடைத்துவிடும். வருகிறவர்கள் கண்டதையும் ஏற்றுகிறார்கள் என்று மைமூன்தான் அப்படிச் செய்து வைத்திருந்தாள். ஆகவே ஆளுக்கொரு யுஎஸ்பி ஹார்டு டிஸ்க். மெஷினை அதில் வைத்து, அதிலிருந்தே ஓட்டுவார்கள். வீட்டுக்குக் கிளம்பும்போது பொது சர்வரில் ஒரு காப்பி போட்டுவிட்டுப் போவார்கள்.

இசக்கியப்பன் மட்டும் போடமாட்டார்.

"ஏன் அண்ணாச்சி?"

"பொதுவுல கெடந்தா நாலு பேரு பாப்பாங்கல்லா டீச்சர்."

"ஆளுக்கொரு பாஸ்வேர்டு குடுத்திருக்கேனே."

"பூட்டு போட்டவங்ககிட்ட இன்னொரு சாவி இருக்கும்லா."

பூட்டுப் போட்டவள் மைமூன்தான். அவள் சிரித்துக்கொண்டே அடுத்த மேஜைக்குப் போய்விட்டாள்.

அவர் பயந்தது கிளாட்வினுக்கு. வகுப்பிலேயே கெட்டிக்காரப் பையன். வேலை அவனுக்கா இவருக்கா என்ற நிலைமை. அவன் நாற்காலியை நகர்த்தினாலே இவர் கை டிஸ்க்கின் மேல் போய்விடும். டிஸ்க்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் சாப்பிடப் போவார், கை கழுவப் போவார். படுக்கும்போது தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்கிறார் என்றும் ஒரு பேச்சு இருந்தது. இருக்கும், அவர் அப்படிப்பட்ட ஆள்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவருடைய சர்வர் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. நோயாளி பெயரைத் தட்டினால் எந்த டாக்டர், எத்தனையாவது ஆள் என்று சொல்லும்படி ஒரு வேலை செய்திருந்தார். யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவரே யோசித்தது. பெயர்களை வரிசையாக ஏற்றிக்கொண்டிருந்தபோது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. கிளாட்வின் நேராக இவரைப் பார்த்து வந்துகொண்டிருந்தான்.

இசக்கியப்பன் வயரை வெடுக்கென்று பிடுங்கி, டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அண்ணாச்சி, டீ குடிக்க வாரீயளா?"

அவன் கேட்க வந்தது அவ்வளவுதான்.

"நீ போ. நான் பொறவு வாரேன்."

அவன் போனதும் திரையைப் பார்த்தார். சர்வர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெயரைத் தட்டினார். எழுத்து விழுந்தது. பிடுங்கிய பிறகும் ஓடுகிறதே என்று அவருக்குப் பெருமை தாங்கவில்லை. சேவ் கொடுத்தார். அப்படியே நின்றுவிட்டது.

டிஸ்க்கைத் திரும்பச் சொருகினார். ஃபைல் இருந்தது. மெஷின் எழுந்திருக்கவில்லை.

மைமூன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தனக்குத் தெரிந்த வழியையெல்லாம் பார்த்தாள். கடைசியில் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"எழுதிக்கிட்டிருக்கும்போதே பிடுங்கிட்டீங்க அண்ணாச்சி. உள்ள எல்லாம் குலைஞ்சு கெடக்கு. இனி வராது."

"பிடுங்குன பொறவும் ஓடுச்சே டீச்சர். நான் கண்ணால பாத்தேன்."

"மெமரியில இருந்ததை வச்சு ஓடியிருக்கும். டிஸ்க் போனது அதுக்கு எப்படித் தெரியும்? அடுத்து ஒண்ணு எழுதப் போகும்போதுதானே தெரியும்."

வேறு காப்பி இருக்கிறதா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவருக்கு இருந்தது.

அன்று காலையில்தான் மனைவி, திங்கட்கிழமை போட்டுக்கொண்டு போக ஒரு சட்டையைத் தேய்த்து மாட்டி வைத்திருந்தாள். அதை நினைத்ததும் இசக்கியப்பனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கொஞ்ச நேரத்தில் அது கோபமாக மாறியது. வயர் சரியில்லை என்றார். டிஸ்க் மட்டமான சரக்கு, கடைக்காரன் தலையில் கட்டிவிட்டான் என்றார். மனுஷன் வேலை செய்யும்போது ஒருத்தன் பூனை மாதிரி வந்து நிற்கலாமா என்றார்.

மைமூன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"நாளைக்கும் நாளன்னிக்கும் லேபைத் திறந்து வைக்கேன். மொதல்லருந்து கட்டுங்க. ஒரு தடவை செஞ்சதுதானே, சீக்கிரம் முடிஞ்சிரும்."

இசக்கியப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். புது மெஷினுக்கு ஒரு பெயர் கொடுத்தார். அதை எங்கே வைப்பது என்று திரை கேட்டது. அவர் கை டிஸ்க் பக்கம் போய், பாதியில் நின்றது.

"டீச்சர், இத எங்கதான் வச்சா பத்திரமா இருக்கும்?"

"கெட்டுப்போனதை யாரு பிடுங்குனது?"

"கிளாட்வின் வாரானேன்னு..."

"பிடுங்குனது யாரு அண்ணாச்சி?"

அவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

"நான்தான்."

"அப்போ உங்க கை எட்டாத இடத்துல ஒரு காப்பி வைங்க."