கோட்டைக்கு ஒரு நேரப்பட்டியல்

மாசிலாமணிக்கு வயது அறுபத்தாறு. அவருடைய குரு உலகம்மைக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் "அம்மா" என்றுதான் கூப்பிடுவார். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் வந்து உட்கார்ந்து, உலகம்மை சொல்லும் நாலு வார்த்தையைக் கேட்டுவிட்டுப் போவார்.

அன்றைக்குக் கையில் ஐந்து தாள் இருந்தது.

"என்னது?" என்றார் உலகம்மை, வெங்காயம் உரித்தபடி.

"செம்பாறைக் கோட்டைக்குப் போற திட்டம்மா. ஞாயித்துக்கிழமை தம்பி சிகாமணி நாக்பூர்லேருந்து வர்றான். கோட்டையைப் பார்க்கணும், நீயும் கூட வாண்ணேன்னு எழுதியிருக்கான். பதினோரு வருஷத்துக்கு அப்புறம் வந்த முதல் கடுதாசி."

பதினோரு வருடக் கதை உலகம்மைக்குத் தெரியும். அப்பா செத்த அன்று சிகாமணி ரயிலில் வந்துகொண்டிருந்தான். ரயில் நாலு மணி நேரம் தாமதம். ஸ்டேஷன் மாஸ்டருக்கா அது தெரியாது? தெரிந்துதான் பாடையை எடுக்கச் சொன்னார் மாசிலாமணி. தம்பி வந்து சேர்ந்தபோது எல்லாம் எரிந்து முடிந்திருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே திரும்பிப் போனவன்தான்.

"சரி, வாசிங்க."

"ஆறு மணிக்கு பஸ். ஏழு பத்துக்கு இட்லி. ஏழரைக்கு அடிவாரக் கதவு. எட்டேகாலுக்கு நெற்களஞ்சியம், அங்கே வழிகாட்டி நாப்பது நிமிஷம் பேசுவார். ஒன்பதுக்கு யானைக்குளம்…"

"பஸ்ஸிலே ஒரு மணி நேரம் ஆகுமே?"

"அவனுக்கு ஜன்னலோரம். எனக்கு முன்னால, டிரைவர் பக்கத்துல."

"மத்தியானம் சாப்பிடுறப்போ?"

"கோட்டை வரலாறு புஸ்தகம் ஒண்ணு வாங்கியிருக்கேன். வாசிச்சுக் காட்டலாம்னு."

உலகம்மை சிரித்துவிட்டார். "சோறு இறங்குமா அந்த மனுஷனுக்கு?"

மாசிலாமணியும் சிரிக்கப் பார்த்தார்.

"'ஏண்ணே எனக்காகக் காத்திருக்கலை'ன்னு உங்க தம்பிக்குக் கேட்கத் தோணினா, எத்தனை மணிக்குக் கேட்கணும்?"

அவர் தாள்களைப் புரட்டினார். ஐந்தாவது வரை போய்விட்டு, மறுபடி முதல் தாளுக்கு வந்தார்.

"கேட்டா என்னம்மா சொல்றது? எங்கிட்ட பதில் இல்லையே."

"பதில் எத்தனை மணிக்குன்னு நான் கேட்கலை."

வெங்காயத் தோலைக் காற்று இழுத்துக்கொண்டு போனது. உலகம்மை அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

"பெரிய கதவைச் சாத்தின பிறகும் ஒரே ஒரு ஆள் குனிஞ்சு வர்ற மாதிரி, அந்தக் கதவிலேயே சின்னதா ஒரு வாசல் இருக்குமே, அது அந்தக் கோட்டையில உண்டா?"

"திட்டிவாசல். உண்டும்மா. ஏழரைக்கு அதையும் பார்க்கிறோம்."

"சண்டைக்குன்னே கோட்டை கட்டினவன்கூட அதை வெச்சிருக்கான்" என்றார் உலகம்மை, அந்த ஐந்து தாளையும் பார்த்தபடி.