அசுவினிக்கு எண்ணெய்க் குளியல்

தாழைக்கோட்டை என்று ஒரு ராஜ்யம் இருந்தது. எவ்வளவு பெரியது என்று கேட்காதீர்கள். அரண்மனைச் சமையல்கட்டில் மிளகாய் தாளித்தால் எல்லைக் காவலனுக்குத் தும்மல் வரும், அவ்வளவுதான்.

அதன் அரசர் இளமாறராயர் நல்ல மனிதர். நல்ல மனிதர்களுக்கு வருகிற கஷ்டம் அவருக்கும் வந்தது. பசியோடு வந்த ஒருவரைக் காவலர்கள் விரட்டிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு மனம் நொந்துபோய், அம்மன் சந்நிதியில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்துவிட்டார். என் அரண்மனைக்குச் சாப்பிட வந்த எந்த உயிரையும் விரட்டமாட்டோம், அடிக்கமாட்டோம், போகச் சொல்லமாட்டோம் என்று.

அடுத்த வாரமே மகாராணியின் தம்பி கச்சிராயர் தேர்த்திருவிழா பார்க்க வந்தார். நாலு நாள் தங்கல் என்றார். பதின்மூன்று மாதம் ஆகிவிட்டது. கொட்டகைக்குத் திரும்பிய தேரில் சிலந்தியும் கூடு கட்டிவிட்டது, மனிதர் அசையவில்லை.

அவருக்கு ஒரே ஒரு குறை. பந்தியில் அரசருக்கு வலப்பக்கத்து இலை, அரசவை விகடர் பெருநம்பியுடையது. நெய் அங்கேதான் முதலில் விழும். கச்சிராயருடைய இலைக்கு வருவதற்குள் கரண்டியில் வாசனைதான் மிச்சம். பெருநம்பியைக் கிளப்பினால் அந்த இலை தனக்கு என்று அவர் கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

ஆடி பிறக்கும் சமயம், அரண்மனைத் தோட்டத்துச் செம்பருத்தியில் பூச்சி விழுந்தது. தளிரெல்லாம் பச்சை அசுவினி. காம்பெல்லாம் பஞ்சு ஒட்டியதுபோல மாவுப்பூச்சி. மொட்டுகள் பூக்காமலே உதிர்ந்தன. ஆடிப்பூரத்தன்று அம்மனுக்கு அந்தத் தோட்டத்திலிருந்து நூற்றெட்டுப் பூ போயாக வேண்டும். பாட்டன் காலத்து வழக்கம். தோட்டக்காரர்கள் பூச்சியை நசுக்கக் கையைத் தூக்கியபோது கச்சிராயர் குறுக்கே வந்து நின்றார்.

பூச்சியும் சாப்பிட வந்த உயிர்தானே அத்தான், உங்கள் சத்தியம் என்ன ஆவது என்றார். அரசருக்கு முகம் வாடிப்போயிற்று. கச்சிராயர் விடவில்லை. "பெருநம்பிதான் மகா புத்திசாலி ஆயிற்றே. பூச்சியைக் கொல்லாமல், விரட்டாமல், போகவும் சொல்லாமல் பூவைக் கொண்டுவரட்டும். முடியாவிட்டால் நாட்டை விட்டுப் போகட்டும்."

தலையாட்டுவதைத் தவிர அரசருக்கு வேறு வழி தெரியவில்லை. கெடு பதினெட்டு நாள்.

பெருநம்பி வீட்டுக்கு வந்து ஊஞ்சலில் உட்கார்ந்தார். ஊஞ்சலை ஆட்ட மறந்துபோனார். பயம்தான், வேறென்ன. இந்த ஊரை விட்டால் அவருக்குப் போக்கிடம் கிடையாது. கசப்புப் பட்டால் பூச்சி வாயை மூடிக்கொள்ளும் என்று வேப்பெண்ணெயைத் தண்ணீரில் விட்டு மூன்று நாள் தெளித்துப் பார்த்தார். எண்ணெய் தனியாக மிதந்தது. ஒரு கிளைக்கு வெறும் தண்ணீர், மறு கிளைக்கு வெறும் எண்ணெய். எண்ணெய் விழுந்த இலை வெயிலில் கருகியதுதான் கண்ட பலன்.

மறுநாள் சனிக்கிழமை. கவலை இருந்தாலும் எண்ணெய்க் குளியல் தப்பக்கூடாது என்று மனைவி தாயம்மை அவரை மணையில் உட்கார வைத்தாள். தலையில் எண்ணெய் வழிய, பூந்திக்கொட்டை ஊறின நீரை ஊற்றித் தேய்த்தாள். நுரை பொங்கியது. தலையிலிருந்து இறங்கிய தண்ணீரைப் பெருநம்பி பார்த்தார். எண்ணெயும் தண்ணீரும் ஒன்றாகக் கலந்து பால் மாதிரி ஓடிற்று. மனிதர் தலையில் நுரையோடு எழுந்து ஓடியதைத் தெருவே பார்த்தது.

அன்று வெயில் தாழ்ந்ததும் தோட்டத்தில் ஒரு கூத்து நடந்தது. கல்யாணத்துக்கு வருகிறவர்கள்மேல் தெளிக்கிற வெள்ளிப் பன்னீர்ச்செம்பில் வேப்பெண்ணெயும் பூந்திக்கொட்டை நீரும் கலந்து குலுக்கி எடுத்துக்கொண்டு, பெருநம்பி செடி செடியாகக் குனிந்தார். இலைக்கு அடியில்தான் விருந்தாளிகள் தங்கியிருக்கிறார்கள் என்று கீழிருந்து மேலாகத் தெளித்தார். "வாங்க, வாங்க, தலையைக் காட்டுங்க" என்று ஒவ்வொன்றையும் உபசரித்தார். ஆண்களுக்கு எண்ணெய் நாள் புதனும் சனியும். பூச்சியில் ஆண் எது பெண் எது என்று அவருக்குத் தெரியாததால், வெள்ளிக்கிழமையும் ஒரு தரம் தெளித்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டு போன கச்சிராயர் சிரித்தார்.

இரண்டு வாரத்தில் அந்தச் சிரிப்பு நின்றது. தளிர் நிமிர்ந்தது. ஆடிப்பூரத்தன்று காலை அரசர் தானே எண்ணினார். நூற்றுப் பன்னிரண்டு பூ. இலையைத் திருப்பிப் பார்த்தால் ஒரு பூச்சி இல்லை.

கச்சிராயர் சபையில் எழுந்தார். விருந்தாளிகளை விரட்டிவிட்டான், சத்தியம் போயிற்று என்றார்.

பெருநம்பி பணிவாகக் கும்பிட்டார். "மகாராஜா, ஒரு பூச்சியையும் நான் போகச் சொல்லவில்லை. வந்த விருந்தாளியை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது நம் அரண்மனை வழக்கம். குளித்த பிறகு அவர்களுக்குச் சாப்பாடு பிடிக்கவில்லை. தாமாகவே கிளம்பிவிட்டார்கள். உபசாரம் தாங்காதவர்களை நான் என்ன செய்ய?"

சபை அரசரின் முகத்தைப் பார்த்தது. அவர் கண் மெல்ல மைத்துனர் பக்கம் போயிற்று. பதின்மூன்று மாதமாக அரசர் முகத்தில் காணாத ஒரு வெளிச்சம் வந்தது.

"பெருநம்பி, அந்த எண்ணெய் மீதம் இருக்கிறதா?"

"அரைக் குடம் இருக்கிறது, மகாராஜா."

"இன்று என்ன கிழமை?"

"சனிக்கிழமை, மகாராஜா."

"அடடா, மைத்துனர் வந்து இத்தனை நாளாகியும் நாம் ஒரு குளியல் போடவில்லையே" என்று அரசர் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

பன்னீர்ச்செம்பு வருவதற்குள் கச்சிராயருக்குச் சொந்த ஊரில் அவசர வேலை நினைவுக்கு வந்துவிட்டது. அவர் வண்டி கோட்டை வாசலைத் தாண்டும்வரை அடக்கிவைத்திருந்த சிரிப்பை அரசர் அப்புறம்தான் விட்டார். அன்று மதியப் பந்தியில் பெருநம்பியின் இலையில் நெய் இரண்டு கரண்டி விழுந்தது.